சிக்காவை வைத்தது நான்தான்

செல்வம், முதலில் என் எழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. தோல் வெட்டும்போது அளவுகோல் இல்லாமலே நேராகப் போகிற இந்தக் கை, ‘ழ’ எழுதும்போது மட்டும் எங்கேயோ போய் நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் எழுத இரண்டு மத்தியானம் ஆகிறது. உனக்கும் தமிழ் படிக்க நேரமாகும் என்று தெரியும். உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். வீட்டில் வைத்துத் தமிழ் சொல்லித்தர எனக்குத் தெரியாமல் போனது. உன் வீட்டுக்காரி மகேஸ்வரி நன்றாகப் படிப்பாள் என்று அவள் கையில் இதைக் கொடுத்துவிடாதே. நீயே எழுத்துக் கூட்டிப் படி. நான் எழுதின வேகத்தில் நீ படித்தால் போதும்.

ஆமாம், இதை நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. இங்கே தாராவி லேபர் கேம்ப்பில் நம் சங்கத்து மாடியில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு டீச்சர் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். பத்து மாதமாகப் போகிறேன். என்னைச் சேர்த்துவிட்டது நம் பக்கத்து வீட்டு இட்லிக்காரப் பேச்சியம்மாள். உன் அம்மா போன பிறகு, ஆர்டரும் குறைந்த பிறகு, நம் தோல்பைப் பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அவள் காலி இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்தபடி நின்று, “என்ன அண்ணாச்சி, ஈ ஓட்டுதேரா? எங்கூட வகுப்புக்கு வாரும்” என்றாள். எனக்கு எதற்கு வகுப்பு, கண்ணாடியைத்தான் எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன். அவள் பாத்திரம் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தாள். “எனக்கும் அதே கண்ணாடிதான் அண்ணாச்சி. இருபது வருசமா நானும் தேடிட்டு இருக்கேன்” என்றாள். மறுநாள் அவள் பின்னாலேயே போனேன்.

படிக்கத் தெரிந்த பிறகு தாராவியே எனக்குப் புது ஊராகிவிட்டது. இங்கே இவ்வளவு தமிழ்ப் போர்டு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. தொண்ணூறு அடி ரோட்டில் தாடி வைத்த ஒருவர் படம் போட்ட போர்டு இருக்கிறதே, அவர் யாரோ சாமியார் என்று நினைத்து வருஷக்கணக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். போன மாதம் நின்று படித்தேன். மூல வியாதிக்கு வைத்தியம் செய்கிறவர். நடு ரோட்டில் தனியாக நின்று சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு வந்தது. சொல்லத்தான் ஆளில்லை. உனக்குப் போன் போட்டேன். நீ “சாப்பிட்டீங்களா” என்றாய். நான் “சாப்பிட்டேன்” என்றேன். நீ “சரிப்பா” என்றாய். இரண்டு வருஷமாக நாம் பேசுகிறது அவ்வளவுதான். அதற்கு நடுவில் மூல வைத்தியரை எங்கே கொண்டு நுழைப்பது? போனை வைத்துவிட்டு அம்மா போட்டோவிடம் சொன்னேன்.

சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். அந்தக் கடிதத்தாள்களில் சிக்கா வைத்தது நான்தான்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது புரியாமல் போகலாம். ரப்பர் ஸ்டாம்பை இங்கே எல்லோரும் மராத்திக்காரர்களைப் போலச் சிக்கா என்றுதான் சொல்வோம். எனக்கு அது வெறும் ஸ்டாம்பு இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு அதுதான் கை. பில்லில் வைப்பேன், சலானில் வைப்பேன், கூரியர்க்காரன் நீட்டுகிற தாளிலும் வைப்பேன். “அண்ணாச்சி எல்லாத்தையும் முறையாச் செய்வாரு” என்று நாலு பேர் சொல்லும்போது பெருமையாக இருக்கும். எது மேல் பக்கம் என்று எனக்குத் தெரியாது என்பதால் உன் அம்மா அதன் கைப்பிடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்திருந்தாள். பொட்டு என் பக்கம் பார்த்தால் எழுத்து நேராக விழும். பார்க்கிறவர்கள் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீ ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் அம்மா ஊருக்குப் போயிருந்தாள். நீ ரிப்போர்ட் கார்டை நீட்டினாய். நான் பெரிய மனிதன் போல வாங்கி, பொட்டைக்கூடப் பார்க்காமல், அதில் பட்டறைச் சிக்காவை வைத்துக் கொடுத்தேன். அது தலைகீழாக விழுந்திருந்ததும், உன் டீச்சர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டியதும், நீ எழுந்து “எங்கப்பா அவசரத்துல வச்சிட்டாங்க மிஸ்” என்று சொன்னதும் எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து அம்மாதான் சொன்னாள். “அவன் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான்” என்றாள். அப்போதே எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மா போன அடுத்த வருஷம் நம் பட்டறையில் தையலுக்கு ஆள் கிடைக்காமல் நாம் திண்டாடினது உனக்கு நினைவிருக்கும். ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை. நீ ஜிப் வாங்க மஸ்ஜித் பந்தர் போயிருந்த ஒரு நாள், தோளில் லேப்டாப் பையோடு ஒருவன் வந்தான். நல்ல தமிழ் பேசினான். சின்னப் பட்டறைகளுக்கு இலவசமாக ஆள் சேர்த்துக் கொடுக்கிறோம், கம்ப்யூட்டரில் உங்கள் பெயரை ஏற்றினால் போதும், எங்கெங்கேயிருந்தோ ஆள் வரும் என்றான். எனக்கு அவன் தெய்வம் மாதிரி தெரிந்தான். “ஒவ்வொரு ஆளுக்கும் வந்து உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதில்லியா அண்ணாச்சி. உங்க லெட்டர்ஹெட்டுல ஒரு முப்பது தாள்ல சிக்கா வச்சுக் கொடுத்துட்டா நான் பாத்துக்கிடுதேன்” என்றான். கூடவே ஒரு தாளை நீட்டி, படித்துப் பாருங்கள் என்றான். நான் கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அன்றைக்கு மரியாதை என்று நினைத்தேன். அவனுக்கு நான் படிக்கத் தெரியாதவன் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

முப்பது தாளிலும் வைத்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. அதில் பிறகு என்ன எழுதுவான் என்று நான் கேட்கவில்லை. எழுத்து இருக்கிற தாளும் எழுத்து இல்லாத தாளும் எனக்கு ஒன்றாகத்தானே இருந்தது. படித்தவன் வெற்றுத் தாளைப் பார்த்தால் பயப்படுவான். எனக்கு எல்லாத் தாளும் வெற்றுத் தாள், அதனால் பயம் வரவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ‘அவன் கொடுத்த தாளில் என்ன இருந்தது’ என்று நீ கேட்பாய். அதனால் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து சோலாப்பூரிலிருந்து அந்தப் பெண் சுனிதா வந்து இறங்கினாள். தகரப்பெட்டி ஒன்று, ஒரு பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் நம் கடிதத்தாள். சூப்பர்வைசர் வேலை, தங்க ரூம், திங்கட்கிழமை வந்து சேரவும் என்று அதில் அடித்திருந்ததாம். அதற்காகப் பதிவுப் பணம், யூனிஃபார்ம் பணம் என்று யாரோ ஒருவனுக்குப் போனிலேயே கட்டியிருந்தாள். நம் பட்டறையைப் பார்த்தாள். இரண்டு மெஷின், ஒரு வெட்டுப் பலகை. அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை, அதற்கான எழுத்து எனக்கு இன்னும் வரவில்லை. தாளில் சிக்காவின் மேல் விரலை வைத்து, “ஹா சிக்கா துமசாச் நா?” என்று மராத்தியில் கேட்டாள். இந்தச் சிக்கா உங்களுடையதுதானே என்று. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

சந்து கூடிவிட்டது. எதிர்ப் பட்டறைத் தங்கராசு, “என்ன அண்ணாச்சி, மவன் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கான்னு சொன்னீரே, இந்த வேலைதானா?” என்றான். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நம் கடிதத்தாளைக் கம்ப்யூட்டரில் அடித்தது நீ. இணையத்தில் நம் பட்டறைப் பெயரைப் போட்டதும் நீ.

செல்வம், இப்போது பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷத்தில் லேப்டாப் பைக்காரன் முகம் எனக்கு நினைவு வந்தது. நன்றாகவே வந்தது. வாயைத் திறந்து சொன்னால், படிக்கத் தெரியாமல் முப்பது தாளில் சிக்கா வைத்த கிழவன் என்று சந்து முழுக்கத் தெரிந்துபோகும். அந்தப் பயத்தில் என் கை உன் பக்கம் போனது. “எல, என் சிக்காவ எடுத்து என்னல செஞ்ச?” என்று கேட்டுக்கொண்டே அறைந்தேன். இரண்டு தடவை.

நீ கன்னத்தைத் தொடக்கூட இல்லை. அந்தப் பெண்ணிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். “அப்பா, உள்ள வாங்க, பேசுவோம்” என்றாய். நான் வரவில்லை. நீ போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். அவள் தகரப்பெட்டியை நீ தூக்கிக்கொண்டு, அவளை போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாய். அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் அதே மாதிரித் தாளோடு வந்தார்கள். ஏற்றுமதிக்காரர் ஆர்டரை நிறுத்தினார். வேலை கேட்டு வருகிற நல்ல ஆட்களும் நம் பெயரைக் கேட்டதும் ஒதுங்கினார்கள். நீ மாதக் கடைசியில் தாராவியை விட்டுக் கோபர்கைரனேக்குக் குடி போனாய். உன் கல்யாணத்துக்கு நான் வந்து முன் வரிசையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதானே என்று கேட்பாய். உனக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இரண்டு மாதம் முன்னால்தான் தெரிந்தது.

தமிழ் ஓரளவு வந்ததும் பேங்க் ஃபாரத்துக்காக டீச்சர் இங்கிலீஷ் பெரிய எழுத்தை ஆரம்பித்தார். மொத்தமே இருபத்தாறுதான் என்றார். இருநூற்று நாற்பத்தேழைத் தாண்டி வந்த எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இம்புட்டுத்தானா? இத வச்சுக்கிட்டா வெள்ளக்காரன் அம்புட்டு ஆட்டம் போட்டான்?” என்றாள் பேச்சியம்மாள். மறுநாள் வீட்டிலிருந்து இங்கிலீஷ் எழுத்து உள்ள தாள் ஏதாவது கொண்டு வாருங்கள் என்றார் டீச்சர். ஒருத்தி சோப்பு உறை கொண்டு வந்தாள். நான் டிராயரிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் போனேன். உன்னை எந்த எழுத்துக்காக அடித்தேன் என்று என் கண்ணால் படிக்க ஆசைப்பட்டேன்.

தலைப்பில், பட்டறைக்கு வைத்த உன் அம்மா பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். S, O, R, N, A, M. சொர்ணம். டீச்சர் கை தட்டினார். அடியில் இருந்த சிக்காவுக்கு வந்தேன். ஓடவில்லை. முதல் எழுத்தை W என்றேன். அப்படி ஓர் எழுத்து நம் பட்டறைப் பெயரின் முதலில் எப்படி வந்தது என்று விழித்தேன். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, “தாளத் திருப்பிப் பிடியும் அண்ணாச்சி. உம்ம சிக்கா தலகீழா நிக்கி!” என்றாள். திருப்பினேன். W, M ஆனது. அம்மா பெயரின் கடைசி எழுத்து. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் தாளை மறுபடியும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன்.

எழுத்துத் தெரிந்த ஒருவன் சிக்காவைத் தலைகீழாக வைக்க மாட்டான். அம்மா போன பிறகு மறுபடி வைக்க ஆளில்லாமல் பொட்டு அழிந்துபோன சிக்காவை எழுத்துத் தெரியாதவன்தான் அப்படி வைப்பான். நீ அன்றைக்குத் தாளை வாங்கிப் பார்த்ததும் என்னைப் பார்த்தாயே, ரிப்போர்ட் கார்டைப் பார்த்தவனுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? உனக்குத் தெரிந்திருக்கிறது. ‘இதைப் பாருங்கள், தலைகீழாக இருக்கிறது, இது எங்கப்பா வைத்தது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கராசு வாய் மூடியிருக்கும். நீ சொல்லவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டாய்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி பொறுமையாகப் பழைய புகாரை எடுத்துப் பார்த்தார். சுனிதாவின் தாள், மற்ற மூன்று தாள்கள் எல்லாவற்றின் நகலும் அதில் இருந்தன. எல்லாச் சிக்காவும் தலைகீழ். நீ எழுதிக் கொடுத்ததை அவர் ஹிந்தியில் படித்துக் காட்டினார். சிக்கா என் பொறுப்பில் இருந்தது, என் கவனக் குறைவால் யாரோ எடுத்திருக்கிறார்கள், என் தந்தைக்கு இதில் சம்பந்தம் இல்லை. “இன்னொரு தடவை படிங்க மேடம்” என்றேன். படித்தார். நான் என் வாக்குமூலத்தைச் சொன்னேன். வந்தவன் உயரம், பேச்சு, பை எல்லாம் சொன்னேன். சந்தில் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்களாவது அவனுக்குத் தாள் கொடுத்திருப்பார்கள், வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள் என்றும் சொன்னேன். கடைசியில் கைநாட்டு வைக்க அவர் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் மேடம் என்று சொல்லி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் முதல் கையெழுத்து நான் செய்த தப்புக்குக் கீழே விழுந்தது. அதுவும் சரிதான்.

அந்தப் பழைய புகாரின் மூலையில் சுனிதாவின் போன் நம்பர் இருந்தது. நம்பர் எனக்கு எப்போதும் படிக்கத் தெரியும். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். இப்போது ஊரிலேயே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “காகா, அன்னைக்கு உங்க பையன் என்னை பஸ் ஏத்திவிடுற வரைக்கும் கூட நின்னாரு. கன்னம் வீங்கியிருந்தது. இதை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று மராத்தியில் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். “அப்ப எனக்கு எதுக்குச் சொல்றீங்க?” என்று வைத்துவிட்டாள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம், ஐயா. போனில் சொல்ல நினைத்து நாலு தடவை உன்னைக் கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்று முடிந்துவிட்டது. வாய் பழகின பொய்யையே பேசுகிறது. எழுத்து புதுசு, அதற்கு இன்னும் பொய் பழகவில்லை.

நம் பட்டறைக் கதவில் இப்போது என் கையால் எழுதின ஓர் அட்டை தொங்குகிறது. ‘இங்கே வேலைக்கு யாரிடமும் பணம் வாங்குவதில்லை. வேலை வேண்டுமானால் இந்த வாசலுக்கு வந்து என்னிடம் கேட்கவும்.’ டீச்சர் அதையே ஹிந்தியிலும் மராத்தியிலும் எழுதிக் கொடுத்தார். உனக்கு நான் புத்திமதி சொல்லும் தகுதியில் இல்லை. ஆனாலும் நாளைக்கு நீ சொந்தமாகத் தொழில் வைத்தால் இதை மட்டும் கேள். வெற்றுத் தாளில் சிக்காவோ கையெழுத்தோ வைக்காதே, கேட்கிறவன் சொந்தக்காரனாக இருந்தாலும். ஆள் சேர்த்துத் தருகிறேன் என்று வருகிறவனை அவனுடைய ஆபீசுக்கே போய்ப் பார். உன் பெயர் போட்ட பொய்த்தாளோடு யாராவது வந்து நின்றால் விரட்டாதே. உட்காரவைத்துத் தண்ணீர் கொடு. அவர்கள் உன்னை ஏமாற்ற வந்தவர்கள் இல்லை, உன் பெயரை நம்பி வந்தவர்கள். புகாருக்கு அவர்களோடு போ. இதெல்லாம் நீ ஏற்கெனவே செய்ததுதான். உன்னைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

படிக்கத் தெரியாதது தப்பில்லை என்று டீச்சர் சொல்கிறார். அதை மறைத்ததும், மறைக்க உன்னை அடித்ததும்தான் தப்பு. என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் ‘ன்’ஐயும் ‘ண்’ஐயும் டீச்சரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன். மன்னித்துவிடு.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று தபாலில் உனக்கு வருகிறது. இன்னொன்றைப் பட்டறை ஷட்டரில் ஒட்டப்போகிறேன். உன்னைச் சந்து பார்க்க அடித்தேன். உன்னிடம் ரகசியமாக மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்பு. பேச்சியம்மாள், “ஒட்டினா ஊரே சிரிக்கும் அண்ணாச்சி” என்றாள். சிரிக்கட்டும் என்றேன். இட்லி மாவிலிருந்து கொஞ்சம் பசை காய்ச்சித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

நாளைக் காலையில் ஒட்டுவேன். அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன், யார் யார் நின்று படித்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று. ஏசினால் அதையும் விடாமல் எழுதுவேன். உன்னைப் பற்றித் தப்பாகப் பேசினவர்கள் வந்து என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், நீ கூட்டிப் படிக்கச் சிரமப்படாமல்.